முதலில் வாய்க்கால், பிறகு மனை: ஊராட்சித் தேர்தலில் நிற்பவரிடம் கேட்டவை

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் ஒன்றியத்தில் எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவிக்கு வரும் தேர்தலில் நிற்கப் போகிறேன். 26 வருடம் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவள். 2025 ஜனவரியில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து ஊர் அரசு அமர்த்தும் தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. அதற்குள் ஊரைச் சுற்றிலும் மனைக்கற்கள் நட்டுவிட்டார்கள். மணலி முதல் பொன்னேரி வரை பலர் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, ஜெயித்தால் முதல் வேலை என்ன? ரோடா, தெருவிளக்கா? (அத்திப்பட்டு)

வாய்க்கால், தம்பி. போன கார்த்திகையில் நில அளவைத் துறையின் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு புது மனைப்பிரிவுக்குப் போனேன். படத்தில் ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து ஆறு வரைக்கும் வாய்க்கால் புறம்போக்கு தெளிவாக இருக்கிறது. தரையில் செம்மண் கொட்டி மேடாக்கி, வெள்ளையடித்த கல் நட்டு, ரோடும் போட்டிருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு சிமென்ட் குழாய். அதற்குள் ஒரு குடம் நுழையாது. மேலே ஒரு ஏரித் தண்ணீர் நிற்கிறது, அது போக வேண்டிய வழி ஒரு குடத்தைவிடக் குறுகல். அங்கே நின்றபோது வயிறு எரிந்தது.

ஊரின் எல்லா வாய்க்காலையும் வட்ட நில அளவரைக் கொண்டு அளந்து, இருபுறமும் எல்லைக்கல் நடச் சொல்லி வட்டாட்சியரிடம் மனு கொடுப்பேன். எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர் அகலம் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் அளவு இருந்தால் யாரும் சத்தமில்லாமல் நகர்த்த முடியாது. ரோடும் விளக்கும் இதற்குப் பிறகுதான். வாய்க்காலை அடைத்துவிட்டுப் போட்ட ரோடு ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

நீங்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டால் தண்ணீர் எங்கள் பக்கம்தானே வரும்? 2021 நவம்பரில் பட்டது போதாதா? (மணலி புதுநகர்)

நியாயமான கேள்வி அம்மா. இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அன்று பூண்டி நீர்த்தேக்கத்தில் திறந்த தண்ணீர் கொசஸ்தலை ஆற்று வழியாக வந்துதான் உங்கள் வீடுகளுக்குள் புகுந்தது. மேட்டிலிருப்பவர்கள் அவசரமாக வடித்துவிட்டால் பள்ளத்தில் இருப்பவர்கள்தான் முழுகுவார்கள். அதனால் வாய்க்காலை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மழைநீரைக் கூடுதல் நாள் ஊரிலேயே தேக்க வேண்டும். கலங்கலை யாரும் உடைக்காமல் காக்க வேண்டும். ஏரி நிரம்பி வழிவதை மட்டும் வாய்க்கால் எடுத்துப் போகட்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் மணலும் அனல்மின் நிலையச் சாம்பலும் ஓர் ஊராட்சியால் அள்ளக்கூடியவை அல்ல. ஆனால் அதற்காக நீங்கள் மனு எழுதும்போது எங்கள் ஊர்த் தீர்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு மாநகராட்சி எல்லை தெரியாது.

மீஞ்சூர் பக்கம் 600 சதுர அடி மனை பேசி வைத்திருக்கிறோம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா? (திருவொற்றியூர்)

நம்பாதீர்கள் ஐயா. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம். அந்த அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்காக வந்தது. நேற்று பிரித்த மனைக்கு அதைக் காட்டி யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். விளம்பரத் தாளில் பூங்கா பச்சையாக இருக்கும். அதன் தானப்பத்திர நகல் எங்கே என்று கேளுங்கள். நான் வந்தால் எடுக்கப் போகும் முதல் கோப்பும் அதுதான். ரோடும் பூங்காவும் நம் பெயருக்கு வராத மனைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுப்பேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐப்பசியில் ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள். பத்திரம் சொல்லாததைத் தரை சொல்லிவிடும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் போர்வெல்லில் மட்டும் உப்பு. இது என்ன நியாயம்? (காட்டுப்பள்ளி சாலை)

இந்த உப்புக்கு அரை நூற்றாண்டுக் கதை உண்டு. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர்க் கிணறுகளிலிருந்து அளவில்லாமல் இறைத்தார்கள். நன்னீர் மட்டம் இறங்கியதும் கடல் நிலத்தடியில் உள்ளே வந்தது. 1969-லேயே மீஞ்சூரில் அதைக் கண்டுகொண்டார்கள். என் அம்மா பருப்பு வேகவில்லை என்று தண்ணீரைத்தான் திட்டுவாள். 2010-இல் திறந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் நகரத்துக்குக் குழாயில் போகிறது. நகரத்தில் தலைக்கு 135 லிட்டர் என்று கணக்கு. கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். நம் மண் உப்பானது அவர்கள் தாகத்துக்காக. அந்தக் குழாயில் ஒரு பங்கை நாம் கேட்பதில் பிச்சை எதுவும் இல்லை.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. வியாபார லாரிக்குப் போர்வெல் போட்டு இறைப்பதை எதிர்த்து கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவேன். இருக்கும் குடும்பங்களுக்கே தொட்டி போதாதபோது, இருநூறு மனைக்கு இணைப்பு தருவதாக யாருக்கும் கடிதம் கொடுக்க மாட்டேன்.

மாநகராட்சியோடு சேர்வதை ஆதரிப்பீர்களா? (இடையஞ்சாவடி)

இப்போதைக்கு இல்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது உங்கள் ஊரும் சடையங்குப்பமும் கடப்பாக்கமும் உள்ளே போயின. நிதி கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராம சபை போய்விடும், ஊரக வேலைத் திட்டமும் போய்விடும். வயல் வேலை இல்லாத மாதங்களில் அந்தக் கூலியில்தான் எங்கள் தெருவில் பல அடுப்புகள் எரிகின்றன.

கம்பெனிகளில் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருவீர்களா? (வல்லூர்)

தலைவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதனால் அந்த வாக்குறுதியை நான் தரவில்லை.

மனைக்கு அங்கீகாரம் தருவதே நீங்கள் இல்லை என்றால் உங்களால் என்ன ஆகும்? (பொன்னேரி)

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. எந்த நிலம் எதற்கு என்று வரைபடம் போட்டுச் சொல்லும் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) இலக்கு ஆண்டு 2026. அடுத்த வரைபடத்தில் நம் ஏரியும் வாய்க்காலும் நீர்நிலை என்று குறிக்கப்பட்டால் பிழைத்தோம். குடியிருப்பு என்று நிறம் தீட்டிவிட்டால், பிறகு கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். எழுத்தில் ஆட்சேபம் தருவதற்கு ஊரிடம் ஆதாரம் வேண்டும். அதற்குத்தான் அளவும் தீர்மானமும்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கூடும் சபைக்குப் புலப்படமும், ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டு நகலும் எடுத்து வருகிறேன். பல வாய்க்கால்களுக்குப் படத்தில் எண் மட்டும்தான் இருக்கிறது. அவற்றின் பெயர் தெரிந்த பெரியவர்களைக் கைத்தாங்கலாகவாவது அழைத்து வாருங்கள்.