பெருவுக்கு இறகுக் கிரீடம் எதற்கு?

ஐயா, வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. இரண்டும் சேர்த்து 27 பிள்ளைகள். ஒரு பயிற்சியில், தொலைதூர நாடு ஒன்றை எடுத்துக்கொண்டு தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றையும் அதன் பண்பாட்டின் வழியாகவே நடத்தலாம் என்றார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. பெரு நாட்டை எடுத்திருக்கிறேன். இரண்டு வாரம். தெர்மோகோலில் மச்சு பிச்சு மலைநகரம், கொடி வரைதல், உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை என்று ஒரு சார்ட், இறகுக் கிரீடம் வைத்து ஓர் இன்கா நடனம், கடைசி நாள் ‘பெரு தினம்’ என்று திட்டம்.

சக ஆசிரியர் ஒருவர், “பக்கத்து ஊர் ஏரியின் பெயர் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரு எதற்கு டீச்சர்?” என்று சிரிக்கிறார். எண்ணும் எழுத்தும் பாடங்கள் தள்ளிப்போகுமே என்று தலைமையாசிரியரும் தயங்குகிறார். இவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பெயர் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பள்ளிக்கூடம் பற்றி வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் தனியாகத்தான் எழுதுவேன். உங்களுடையதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம், சில நாட்களாக, முன்பு பெருவை ஆண்ட இன்காக்களின் முடிச்சுக் கயிறுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பேச ஆள் கிடைக்காமல் இருந்தது. நீங்கள் மாட்டினீர்கள்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இறகுக் கிரீடத்தைத் தூக்கிப் போடுங்கள், தாயே. வாடகைக்கு வேடம் விடும் கடைகளில் கிடைக்கும் அந்தக் கிரீடம் வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் தலையணியைப் பார்த்துச் செய்தது. அவர்கள் இருந்த இடத்துக்கும் பெருவின் ஆண்டிஸ் மலைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். சர்தார்ஜி தலைப்பாகை கட்டிய பையனைக் கரகம் ஆடவிட்டு, தமிழ்நாடு என்றால் இதுதான் என்று பெருவின் தலைநகர் லிமாவில் ஒரு டீச்சர் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? இன்னொன்றும் உண்டு. நடனமாடவிட்ட பிறகு, இன்காக்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது, செத்துப்போனது என்றுதான் பிள்ளைகள் மனதில் நிற்கும். இன்காக்களின் கெச்சுவா மொழியைத் தாய்மொழி என்று 2017 கணக்கெடுப்பில் சொன்னவர்கள் பெருவில் மட்டும் 38 லட்சம் பேர். 1975இல் அதை ஆட்சிமொழியாகவும் அறிவித்தார்கள். அவர்களும் செல்போன் வைத்திருக்கிறார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

நான் இவ்வளவு கறாராகப் பேசக் காரணம், நாமே ஒரு காலத்தில் வேறு யாருக்கோ தொலைதூர நாடாக இருந்திருக்கிறோம். 1990களில் இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிகள், வளரும் நாடு ஒன்றிலிருந்து ஓர் ஊரை எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. ஆக்‌ஷன் எய்ட் என்ற தொண்டு நிறுவனம் அதற்காகப் புகைப்படங்களும் வரைபடங்களுமாக ஒரு தொகுப்பு போட்டது. அதிலிருந்த ஊர் செம்பக்கொல்லி. நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் இருக்கும் ஆதிவாசிக் கிராமம். நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. இங்கிலாந்தில் இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் எத்தனையோ பேருக்குத் தெரியும். அப்படிப் படித்த பிள்ளைக்கு என்ன நினைவில் நிற்கும்? நல்ல டீச்சராக இருந்தால், வனத்துறையும் எஸ்டேட்டும் விழுங்கியது போக மிஞ்சிய நிலத்துக்காக 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் ஊர்வலம் போனதும், அதன்பின் அவர்களே தங்கள் நிலத்தில் தேயிலை போட்டதும் நிற்கும். சுமாரான டீச்சராக இருந்தால், தலையில் குடம் வைத்த பெண்ணும் ‘பாவம்’ என்ற நினைப்பும் மட்டும்தான். தொகுப்பு ஒன்றுதான். உங்கள் பெருவும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றாகத்தான் ஆகப்போகிறது.

சரி, கயிற்றுக்கு வருகிறேன்.

இன்காக்களிடம் எழுத்து கிடையாது. ஆனால் வடக்கே இன்றைய ஈக்வடார் தொடங்கி தெற்கே சிலி வரை நீண்ட ஆட்சி. எந்த ஊர்க் களஞ்சியத்தில் எவ்வளவு மக்காச்சோளம், எந்த ஊரிலிருந்து வேலைக்கு எத்தனை ஆள் என்று கணக்கு இல்லாமல் ஆட்சி நடக்குமா? எல்லாம் கயிற்றில் இருந்தது. கிப்பு என்பார்கள். பருத்தி நூலிலும் அல்பாக்கா போன்ற மலை விலங்குகளின் கம்பளியிலும் முறுக்கியது. ஒரு கிடைக்கயிறு, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் கயிறுகள், ஒவ்வொரு தொங்கலிலும் ஓர் எண். மேலே, கிடைக்கயிற்றை ஒட்டி இருப்பது பெரிய இடம். கீழே வரவர நூறு, பத்து, கடைசியில் ஒன்று.

முந்நூற்று ஐந்தைக் கட்டுவோம். நூறின் இடத்தில் மூன்று சாதாரண முடிச்சு. அடுத்தது பத்தின் இடம், அங்கே ஒன்றுமில்லை, வெறும் கயிறு. அதற்குக் கீழே ஒரே முடிச்சு, ஆனால் ஐந்து சுற்றுச் சுற்றி இறுக்கிய நீள முடிச்சு. முடிந்தது. முந்நூற்று ஐந்து என்று சொன்னால் 35 என்றும் 3005 என்றும் எழுதுகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். பூஜ்யம் என்று ஒரு முட்டையைப் போடக் கற்றுக்கொடுக்கிறோம், அது ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குக் கடைசிவரை புரிவதில்லை. கயிற்றில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். முடிச்சு இல்லாத அந்த நாலு விரற்கடை நீளம்தான் பூஜ்யம்.

ஒன்றின் இடத்துக்கு மட்டும் ஏன் வேறு முடிச்சு? இதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள், கை அரிக்கும், இருந்தாலும் சொல்லாதீர்கள். யாராவது ஒருவன் கண்டுபிடிப்பான்: எண் எங்கே முடிகிறது என்று காட்டத்தான். இல்லாவிட்டால் இரண்டு முடிச்சைப் பார்த்து இரண்டா, இருபதா என்று திகைக்க வேண்டும். அடுத்து இன்னொருத்தி கேட்பாள், ஒன்று என்ற எண்ணை எப்படிக் கட்டுவது, ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் அது சாதாரண முடிச்சாகிவிடுமே? இன்காக்களுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. எட்டு வடிவத்தில் ஒரு தனி முடிச்சு வைத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

எனக்கு இந்தக் கயிறு மேல் இவ்வளவு பித்து பிடிக்க என் அப்பத்தாதான் காரணம். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊரில் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அவள். கைநாட்டு. ஆனால் ஆளுக்கொரு பனைநார் வைத்திருப்பாள், அடுப்படி விட்டத்தில் ஓர் ஆணியில் கொத்தாகத் தொங்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு முடிச்சு. அரை நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனவளுக்கு இறுக்காத தளர்முடிச்சு. எந்த நார் யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், நாங்கள் கேட்டால் “கண்ணு தெரியலையாடா?” என்பாள். கூலி நாளில் பண்ணைக் கணக்குப்பிள்ளை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “ஆத்தா, இவளுக்கு ஒம்பது நாள்தான்” என்பார். அப்பத்தா நாரை எடுத்து அவர் நோட்டு மேலேயே போடுவாள். பிறகு பேச்சு இருக்காது. பட்டம் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்த நோட்டை அந்தப் பெண்களில் யாராலும் சரிபார்க்க முடியாது, நாரை எல்லோராலும் தடவிப் பார்க்க முடியும் என்று.

ஆனால் அப்பத்தாவின் நாரில் இருபது நாளுக்கு இருபது முடிச்சு. கிப்புவில் இருபதுக்கு இரண்டே முடிச்சு, மீதியை இடம் சொல்லிவிடும். இந்த ஒரு தாவல்தான் நீங்கள் கணக்குப் புத்தகத்தில் வருடா வருடம் நடத்துகிற இடமதிப்பு. முதலில் அப்பத்தா முறையில் கட்டச் சொல்லுங்கள். நாற்பத்தேழு முடிச்சுப் போட்டு விரல் வலிக்கட்டும். “டீச்சர், சுருக்கமா வேற வழி இல்லையா?” என்று அவர்கள் வாயால் வந்த பிறகு இன்காக்களின் வழியைக் காட்டுங்கள். பெரு என்ற பெயரையே அதுவரைக்கும் சொல்லாதீர்கள்.

இந்த முடிச்சுக் கணக்கை லேலண்ட் லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1912இல் விளக்கினார். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருந்த கிப்புகளில் சில தொங்கல்களுக்கு மேலே ஒரு தலைக்கயிறு இருந்தது. தொங்கல்களின் எண்களைக் கூட்டினால் தலைக்கயிற்றின் எண் வந்தது. முடிச்சை வாசித்த முறை சரி என்பதற்கு அதுவே அத்தாட்சி. இதே விளையாட்டை வகுப்பில் வைக்கலாம். ஒரு குழு கட்டட்டும், தலைக்கயிற்றில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்யட்டும், அடுத்த குழு பிடிக்கட்டும். கூட்டல் பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐந்தாம் வகுப்பில் யாராவது, “எல்லாக் கயிறும் கணக்குதானா?” என்று கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். எண்ணாக வாசிக்க முடியாத கிப்புகளும் உண்டு. அவற்றை இதுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை. 1583இல் லிமாவில் கூடிய திருச்சபை மாமன்றம், பழைய வழிபாட்டோடு சேர்ந்த கிப்புகளை ஒழிக்கச் சொன்னது. இன்று உலகம் முழுக்க மிஞ்சியிருப்பவை ஆயிரத்துச் சொச்சம்தான்.

கயிற்றை விட்டு வர மனசில்லை. இருந்தாலும் மற்றவை பற்றி வேகமாக.

தெர்மோகோல் மச்சு பிச்சு: செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கொடி: அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். தக்காளி, மிளகாய் சார்ட்: எல்லோரும் சொல்வதுதான், சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் உருளைக்கிழங்கைச் சார்ட்டில் அடைக்காதீர்கள். ஆண்டிஸ் மலையில் 4,000 வகைக்கு மேல் இருக்கிறது. அதில் ஒன்று முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்கும், வரப்போகிற மருமகளிடம் கொடுத்துத் தோல் சீவச் சொல்லிச் சோதிப்பார்களாம். மாமியார்கள் எங்கும் மாமியார்களே. ஜூன், ஜூலைப் பனியில் கிழங்கைத் தரையில் பரப்பி இரவெல்லாம் உறையவிட்டு, பகல் வெயிலில் இளகியதும் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயவைப்பார்கள். சுன்யோ என்று பெயர். வருடக்கணக்கில் கெடாது. யார் வீட்டு ஃப்ரிட்ஜிலாவது ஒரு கிழங்கை உறையவைத்து எடுத்து, இளகவிட்டு, பிள்ளைகள் கையால் பிழியச் சொல்லுங்கள். பச்சைக் கிழங்கைப் பிழிந்தால் வராத தண்ணீர் இதில் கொட்டும். ஏன் என்பது அறிவியல் பாடம். வற்றலும் கருவாடும் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மீதியை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பூகோளத்துக்கு ஒரே ஓர் உருண்டை போதும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகை, லிமா தெற்கே 12 பாகை. இரண்டும் கடலோர நகரம். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 140 செ.மீ. மழை, லிமாவில் 2 செ.மீ.கூட இல்லை. அந்தக் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் காற்றை மேலே எழும்ப விடுவதில்லை, மூடுபனியோடு நின்றுவிடுகிறது. லிமாவின் மேட்டுக் குடியிருப்புகளில் வலை கட்டி அந்தப் பனியிலிருந்து குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

நேரம் இருந்தால் கெஸ்வாச்சாக்கா பாலம். கூஸ்கோ பகுதியில், அபுரிமாக் ஆற்றின் மேல், 30 மீட்டர் அளவுக்குப் புல்லாலேயே கட்டிய தொங்குபாலம். நான்கு ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஜூனிலும் கூடிப் புதிதாகக் கட்டுகிறார்கள். பெண்கள் புல்லைச் சிறு பிரியாகத் திரிக்க, ஆண்கள் அதைப் பெருவடமாகப் பின்னுகிறார்கள். பெருந்தொற்றால் 2020இல் வேலை நடக்கவில்லை, 2021 மார்ச்சில் அறுந்து ஆற்றில் விழுந்தது, அந்த ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். வைக்கோல் பிரி திரிக்கத் தெரிந்த தாத்தா ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். தனி வைக்கோல் எவ்வளவு தாங்கும், பிரி எவ்வளவு தாங்கும் என்று புத்தகப் பையைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது. சக ஆசிரியரிடம் வாதாடாதீர்கள், பிள்ளைகளோடு அவரையும் அந்த ஏரிக்கரைக்கே கூட்டிப்போங்கள். சப்பாத்திக்கள்ளி இருக்கும். மடலில் சில இடங்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பதை ஒரு குச்சியால் எடுத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வரும். முள் ஜாக்கிரதை. அது ஒரு பூச்சி. அதன் நெருங்கிய சொந்தத்தைத்தான் பெருவில் கள்ளியில் வளர்த்து, கொச்சினீல் சாயம் எடுத்து உலகுக்கு விற்கிறார்கள். இந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். போகிற வழியில் ஏரியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தலைமையாசிரியரிடம் பெரு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். இடமதிப்பும் கூட்டலும் நடக்கிறது என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை. மேலே இருந்து யாராவது வந்தால் ஒரு பிள்ளை கையில் கயிற்றைக் கொடுத்து, பாடநூலில் இருக்கும் ஒரு கணக்கைக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சணல் வாங்காதீர்கள், சிலும்பு எழும்பி முடிச்சு தெரியாது. பொட்டலம் கட்டும் நூலைவிடக் கொஞ்சம் தடித்த பருத்திக் கயிறாகப் பாருங்கள், ஆளுக்கு இரு கையும் விரித்த நீளம் போதும். இரண்டு வாரம் பற்றாது என்று தோன்றினால் பாலத்தை விடுங்கள், உருளைக்கிழங்கைக்கூட விடுங்கள். கிப்புவைக் குறைக்காதீர்கள்.