தேதி தப்பினால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி: கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு மாநகராட்சி நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். 2007-ல் வேலைக்கு வந்தேன், இப்போது வயது 43. எங்கள் எச்.எம். மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த சீனியர் என்று என்னைப் பொறுப்புத் தலைமையாசிரியர் ஆக்கிவிட்டார்கள். ஒரு சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "எல்லாம் உள்ளதான் இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வகுப்பும் எடுக்கவேண்டும், ஆபீஸும் பார்க்கவேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பத்துப் பதினைந்து மெசேஜ், எல்லாமே 'மிக அவசரம்'. இதற்கு நடுவில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பயம் வேறு. நல்லாசிரியர் விருதுக்கு நானே விண்ணப்பிக்கலாம் என்று தோழி சொல்கிறாள், ஸ்டாஃப் ரூமில் அதைக் கேட்டு ஒரே கேலி. எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது?
— பெயர் வேண்டாம், சென்னை-21

பதில்:

டீச்சர், நானும் தண்டையார்பேட்டைப் பக்கம் பல வருஷம் எச்.எம். ஆக இருந்து ஓய்வு பெற்றவள்தான். எங்கள் காலத்தில் இந்த 'மிக அவசரம்' தபாலில் வந்தது, அப்புறம் போனில், அப்புறம் ஈமெயிலில் வந்தது, இப்போது உங்கள் கைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்கும் அதிர்கிறது. நான் கொஞ்சம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒரு வழி இருக்கிறது. எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் தேதி தப்பினால் யாருக்கு நஷ்டம்? குழந்தைக்கு என்றால் இன்றைக்கே. பள்ளிக்கு என்றால் இந்த வாரம். எனக்கு என்றால் ஒரு நோட்டில் குறித்துவைத்து விடாமல் பார்ப்பது. மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய பவர்பாயின்ட்டுக்கு மட்டும்தான் நஷ்டம் என்றால், நேரம் இருந்தால் பார்க்கலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தச் சாவிக்கொத்து. "எல்லாம் உள்ளதான் இருக்கு" என்ற வார்த்தையை நம்பி நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டேன். புதிதாகப் போன பள்ளி, இருப்புப் பதிவேட்டில் 60 ஸ்டீல் டம்ளர், 14 மடக்கு நாற்காலி, ஒரு ஆர்மோனியம் என்று இருந்தது. எண்ணிப் பார்க்க வெட்கம், முன்னாள் எச்.எம். பெரியவர், சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று. நான்கு வருஷம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர் ஆர்மோனியம் எங்கே என்றார். எனக்கு எப்படித் தெரியும், நான் அதைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. அந்தத் தணிக்கைத் தடையை நீக்க நான் அலைந்த அலைச்சலில் புதிதாக நான்கு ஆர்மோனியம் வாங்கியிருக்கலாம். அதனால் ஒரு சனிக்கிழமை, இரண்டு ஆசிரியர்களைக் கூட வைத்துக்கொண்டு, எல்லா அலமாரியையும் திறந்து எண்ணுங்கள். திறக்காத அலமாரி இருந்தால் 'சாவி இல்லை, திறக்கப்படவில்லை' என்று அப்படியே எழுதுங்கள். ரொக்கப் பதிவேடு, பாஸ் புத்தகம், சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தில் கடைசியாகக் கிழித்த எண், இதெல்லாம் பட்டியலில் வரவேண்டும். பழைய எச்.எம்.மை ஒரு நாள் வரச்சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு நகல் ஏஇஓ (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு. உங்களைப் பொறுப்பாக்கிய ஆணையும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் சொன்னார்கள் என்றால் அது ஆணை ஆகாது.

சரி, இப்போது குழந்தைகள் விஷயம். எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) என்றாலே எல்லோருக்கும் எரிச்சல், நியாயமும்தான், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அதில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு, இந்த நான்கும் தப்பாக இருந்தால் பிள்ளைக்கு வரவேண்டிய பணம் வராது. மற்ற பக்கங்களை மெதுவாகப் பார்க்கலாம், இந்த நான்கையும் எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்துக் கீழே வந்து இந்த மாதமே முடித்துவிடுங்கள். நம்ம பக்கம் பெரிய தொல்லை இனிஷியல்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பள்ளியில் ஓர் எழுத்து இருக்கும், வங்கியில் அம்மாவின் இனிஷியல் இருக்கும். அதே மாதிரி, ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்கவேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் சேர்க்கையின்போதே சொல்லிவிட்டால் பின்னால் அலையவேண்டாம்.

இன்னொன்று, நம்ம ஏரியாவில் நடு வருஷத்தில் குடும்பம் குடும்பமாக வீடு மாறுகிறார்கள். கரையோரக் குடிசையை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்தில் வீடு கொடுக்கிறார்கள், பிள்ளை இங்கே வருவதை நிறுத்திவிடுகிறது, அங்கேயும் சேரவில்லை. இங்கே நம் பட்டியலிலேயே அந்தப் பெயர் கிடந்தால் அங்கே இருக்கும் பள்ளி அதை எடுக்க முடியாது. போய்விட்டது என்று உறுதியானதும் எமிஸில் அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலுக்கு, அனுப்பிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று பிடித்து வைத்திருக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

நீங்கள் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி என்பதால் என்எம்எம்எஸ் என்ற தேசிய உதவித்தொகைத் தேர்வை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு பரீட்சையில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், வருஷத்துக்கு 12,000, நான்கு வருஷத்துக்கு 48,000. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50 சதவீதம் போதும். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம். முதல் தாள் மனத்திறன். அது பாடப்புத்தகத்தில் இல்லாதது என்பதால் பிள்ளைகள் பயப்படுவார்கள், ஆனால் கணக்கு டீச்சருக்கு அது விளையாட்டு மாதிரி. ஜூலையிலிருந்து வாரம் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் போதும்.

என் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மாவுக்குக் கல்மண்டபம் பக்கம் இட்லிக் கடை, விடியற்காலையில் மாவுச் சட்டியைத் தூக்கிக்கொடுத்துவிட்டு, கையில் ஈரத்தோடு வகுப்புக்கு வருவான். மனத்திறன் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவான். வருமானச் சான்று வரட்டும், அப்புறம் அப்லோடு செய்யலாம் என்று நான் இருந்தேன். இ-சேவையில் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், அம்மாவால் கடையை விட்டு மறுபடி போக முடியவில்லை, நானும் வேறு ஏதோ ஒரு விழாவின் போட்டோக்களை அனுப்புவதில் இருந்துவிட்டேன். கடைசித் தேதி போய்விட்டது. அந்த விழா என்ன விழா என்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை. அதனால் வருமானச் சான்றுக்கு இப்போதே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டாம். தேறிய பிள்ளை உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகும் வருஷா வருஷம் தேசிய உதவித்தொகை தளத்தில் புதுப்பிக்கவேண்டும், இல்லையென்றால் பணம் நின்றுவிடும். அது உங்கள் வேலை இல்லைதான். ஆனாலும் ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்தினால் என்ன குறைந்துவிடும்?

பள்ளிக்கு வரும் பணம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் உண்டு: 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000. அதில் குறைந்தது 10 சதவீதம் சுத்தம் சுகாதாரத்துக்கு. 2024-25-ல் ஒன்றிய அரசு, தன்னுடைய பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததைக் காட்டி இந்த நிதியை நிறுத்தி வைத்த கதை உங்களுக்கே தெரியும், அதனால் எப்போது வரும் என்று காத்திருந்து அப்புறம் திட்டம் போடாதீர்கள். பணம் வரும் நாளுக்கு முன்பே, எது முதல் செலவு என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வையுங்கள். காசோலையில் குழுத் தலைவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும், எனவே வங்கியில் பழைய எச்.எம். பெயரை எடுத்து உங்கள் பெயரைச் சேர்க்கவும் ஒரு தீர்மானம் வேண்டும். இதை மறந்துவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் வங்கி வாசலில் நிற்கும் பொறுப்பு எச்.எம்.கள் வருஷத்துக்குப் பத்துப் பேராவது என் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

மேலாண்மைக் குழுவைப் பலர் சடங்காக நடத்துகிறார்கள், நோட்டைக் கையெழுத்துக்கு வீடு வீடாக அனுப்புவதோடு சரி. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், அது நம்ம பக்கத்துக்கு ரொம்ப நல்லது. ஹார்பரில், மணலியில், எண்ணூரில் வேலை பார்க்கும் பழைய பையன்கள் ஏராளம், கூப்பிட்டால் வருவார்கள். கூட்டம் எந்த நேரம் என்று மட்டும் அம்மாக்களைக் கேட்டு வையுங்கள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவரைக் காலை 10 மணிக்குக் கூப்பிட்டால் அவர் எப்படி வருவார்? வியாபாரத்தை முடித்துவிட்டுத்தானே வரவேண்டும்.

'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் பள்ளியின் தேவையைப் பதிந்தால் நன்கொடையாளர்கள் எடுத்துச் செய்ய வழி இருக்கிறது. இதில் 'அடிப்படை வசதிகள் தேவை' என்று எழுதாதீர்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 'ஆறாம் வகுப்பில் இரண்டு மின்விசிறி, பெண்கள் கழிப்பறையில் மூன்று குழாய், உள்தாழ்ப்பாள் இரண்டு' என்று எழுதுங்கள். பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நம்மைச் சுற்றித்தான் அவ்வளவு தொழிற்சாலையும் புகையும் இருக்கிறது, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இப்போது உங்களுக்கே நஷ்டம் வரக்கூடிய விஷயம், டெட். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் 2 வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவேண்டும். அதற்கும் குறைவாக இருப்பவர்கள் எழுதாமலே ஓய்வு வரை இருக்கலாம், ஆனால் பதவி உயர்வு கேட்டால் அவர்களுக்கும் டெட் வேண்டும். உங்களுக்கு 60 வயது ஆக இன்னும் 17 வருஷம் இருக்கிறது. அரசும் சங்கங்களும் சீராய்வு கேட்டுப் போயிருக்கிறார்கள், நல்லது நடந்தால் சந்தோஷம். ஆனால் அதை நம்பிப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள் டீச்சர். அந்தப் 'பொறுப்பு' என்ற வார்த்தை உங்கள் பெயருக்கு முன்னால் இருந்து போகவேண்டும் என்றாலும் இதே தேர்வுதான் குறுக்கே நிற்கும்.

இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இனிமேல் ஒரு தகுதித் தேர்வா என்ற கோபம் உங்கள் கடிதத்தில் எழுதாமலே தெரிகிறது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். நீங்கள் எழுதவேண்டியது இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்வியில் 60 கணக்கும் அறிவியலும், தமிழ் 30, ஆங்கிலம் 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. கணக்கு உங்கள் சொந்த வீடு. வழுக்குகிற இடம் அந்தக் குழந்தை மேம்பாடுதான். வகுப்பில் தினம் செய்வதையே குழந்தை உளவியல் அறிஞர்கள் பெயரில், பியாஜே சொன்னார், வைகாட்ஸ்கி சொன்னார் என்று கேட்பார்கள், நமக்குச் செய்யத் தெரியும், பெயர் தெரியாது. பி.எட். புத்தகத்தைத் தூசி தட்டி எடுங்கள். ஒருமுறை தேறிவிட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

விருது விஷயத்தில் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. தேசிய நல்லாசிரியர் விருதுக்கு ஆசிரியர் தானாகவே இணையத்தில் விண்ணப்பிப்பதுதான் 2018-லிருந்து முறை, யாரும் சிபாரிசு செய்யக் காத்திருக்கவேண்டியதில்லை. 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். 10 வருஷம் சர்வீஸ் வேண்டும், தனியாக டியூஷன் எடுத்திருக்கக்கூடாது (ஸ்டாஃப் ரூமில் சத்தமாகச் சிரித்தவர் யார் என்று இந்த விதியை வைத்தே ஒருவேளை ஊகிக்கலாம்). மாநில அரசு தருவது டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, 10,000 ரூபாயும் பதக்கமும். ஆனால் இந்த வருஷமே போடுங்கள் என்று சொல்லமாட்டேன். விண்ணப்பத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், அதை இப்போதிருந்து சேருங்கள்: எத்தனை பிள்ளைகளை என்எம்எம்எஸ் எழுதவைத்தீர்கள், எத்தனை பேர் தேறினார்கள், நின்றுபோன யாரைத் திரும்பக் கூட்டிவந்தீர்கள். தேதி போட்டு ஒரு பைல். அடுத்த வருஷம் தைரியமாக அனுப்பலாம். நிர்வாகம் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால், டெல்லியில் உள்ள நீபா நிறுவனத்தின் பள்ளித் தலைமைத்துவ மையம் இணையத்தில் இலவசமாக ஒரு படிப்பு வைத்திருக்கிறது. டெட் முடிந்த பிறகு பாருங்கள், இப்போது வேண்டாம்.

மற்றபடி தினக் கொண்டாட்டப் போட்டோ, உறுதிமொழி வீடியோ, செல்ஃபி இதையெல்லாம் சுறுசுறுப்பான ஒரு இளம் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு அது ஐந்து நிமிஷம். குரூப்பைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை திறந்தால் போதும். உங்கள் பீரியடுகளைக் குறைக்கச் சொல்லி ஏஇஓவுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, கேட்டதற்கு நகல் இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்புக் கணக்கை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை எண்ணி முடித்ததும், அலமாரியில் என்ன இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆர்மோனியம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.