எம்.எஸ். இருக்கிறது... பொங்கல் அடுப்பு முன்னால் நிற்கலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 33. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். போன வருடம் வலது கண் மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு ‘மல்டிபிள் ஸ்கிலரோசிஸ்’ (எம்.எஸ்.) என்றார்கள். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைக்குக் குளித்து வந்ததும் அதே கண் மங்கியது, கால் தள்ளாடியது. மதியத்துக்குள் சரியாகிவிட்டது. நோய் திரும்பிவிட்டதா? பொங்கலுக்குப் பண்ருட்டிப் பக்கம் மாமியார் ஊருக்குப் போக வேண்டும். அங்கே வாசலில் அடுப்பு மூட்டி நான்தான் பொங்கல் வைப்பேன். தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்து போவதும் வழக்கம். இதையெல்லாம் இனி விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: நேரில் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது புதிய தாக்குதல் இல்லை, வெந்நீர் செய்த வேலை. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு இவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. இந்த நோயில் நம் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கிச் சிதைக்கிறது. உறை போன இடத்தைச் சமிக்ஞை தட்டுத் தடுமாறித்தான் கடக்கும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அங்கே சமிக்ஞை நின்றுவிடும். சூடு இறங்கியதும் மறுபடி ஓடும். இதனால் புதிய சேதம் எதுவும் ஆவதில்லை. ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. தீபாவளியன்று உங்கள் வீட்டுக் குளியலறையில் நீங்கள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள், ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். கால் மரத்திருந்தால் தண்ணீர்ச் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். உணர்ச்சி சரியாக உள்ள கையின் முழங்கையால் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் உண்மையான தாக்குதலை எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சலோ வேறு தொற்றோ இல்லாதபோது, புதிய அறிகுறி ஒன்று வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தாக்குதல் என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணை அசைத்தால் வலித்து, பார்வையும் குறைந்தால், அல்லது சிறுநீர் போக முடியாமல் அடைத்தால் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி பொங்கலுக்கு வருவோம். தை மாதத்து வெயில் அக்னி நட்சத்திரம் அளவுக்கு இல்லைதான். ஆனால் மேலே வெயில், எதிரே விறகடுப்பு, நடுவில் பட்டுப்புடவை என்றால் உடம்பு நிச்சயம் சூடேறும். சூரியன் ஏறுவதற்குள் பானை ஏற நல்ல நேரம் இடம் கொடுத்தால் நல்லது. பானையில் அரிசி போடுவதும், பொங்கும்போது குலவையிடுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். இடையில் விறகு தள்ளுவதையும் கிண்டுவதையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பருத்திப் புடவை கட்டுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். கண் மங்க ஆரம்பித்தால் நிழலுக்கு வந்து, ஃபேன் காற்றில் உட்கார்ந்துவிடுங்கள். கை மரத்திருக்கும் நாளில் பரங்கிக்காயும் சேனையும் நறுக்க வேண்டாம். மொச்சை உரித்துக் கொடுங்கள், கையில் கத்தி இருக்காது. சூடான பானையை வெறுங்கையால் தொடவே கூடாது, சுட்டது தெரியாமலே கொப்பளித்துவிடும்.

இதைவிடக் கஷ்டமானது களைப்பு. இந்த நோயில் வரும் களைப்பு தூங்கி எழுந்தாலும் போகாது, வெளியே யாருக்கும் தெரியாது. “பார்க்க நல்லாத்தானே இருக்கே” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதனால் கோலத்தை முதல் நாள் மாலையிலேயே போட்டுவிடுங்கள், சின்னதாகப் போடுங்கள். மதியம் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். இதை ஊருக்குப் போன பிறகு சொன்னால் சாக்காகத்தான் தெரியும். போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: “அத்தை, சூடு பட்டா எனக்குக் கண்ணு மங்குது, டாக்டர் சொல்லியிருக்கார். நான் நிழல்ல உட்கார்ந்து செய்யற வேலையெல்லாம் செய்யறேன்.” கணவரும் பக்கத்தில் நின்று ரெண்டு வார்த்தை சொல்லட்டும். சில வீடுகளில் அதற்குத்தான் எடை அதிகம்.

ஊருக்குப் போனால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று யாராவது பொடியோ கஷாயமோ நீட்டினால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். உங்களுக்குப் பிரச்சினையே வழிதவறிய எதிர்ப்புச் சக்திதான்.

ஊசி விஷயத்தில் இரண்டு கவனிக்க வேண்டும். வாராந்திர ஊசி போட்ட இரவும் மறுநாளும் காய்ச்சல், உடம்புவலி வரலாம். அந்தக் காய்ச்சலும் சூடுதான், பழைய அறிகுறிகளை எழுப்பிவிடும். அதனால் போகிக்கு முதல் நாளோ போகியன்றோ ஊசி நாள் வந்தால், முன்னே பின்னே நகர்த்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம், விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு ஊசி போடவும் வேண்டாம். இன்னொன்று, அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பயணத்தில் குளிர்பெட்டியில் ஐஸ் பேக்கோடு வையுங்கள். பேக் நேராக ஊசியில் படாதபடி துணி சுற்றுங்கள், உறைந்த ஊசியைப் போடக் கூடாது. நம் பக்கத்தில் புயல் என்றால் கரண்ட் எத்தனை நாளைக்குப் போகும் என்று 2011-ல் தானே புயலில் பார்த்தோம். கரண்ட் போனால் எவ்வளவு நேரம் வெளியே தாங்கும் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். மருந்துக் கடையில் கேட்டுப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள்.

வடலூரைப் பொறுத்தவரை, நடந்து போவதை இந்த வருடம் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. மஞ்சக்குப்பத்திலிருந்து அது நோயில்லாதவர்களையே களைக்க வைக்கும் தூரம். பஸ்ஸிலோ காரிலோ போங்கள். தைப்பூசத்தன்று ஜோதி தரிசனம் பல வேளைகளில் உண்டு, அதிகாலையோ இரவோ போனால் வெயில் இல்லை. கைத்தடி தேவைப்பட்டால் எடுத்துச் செல்லக் கூச்சப்படாதீர்கள். கூட்டத்தில் கைத்தடியைப் பார்த்தாவது வழிவிடுவார்கள். வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது பெண்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு. அதனால் சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சல் வரும், நோய் திரும்பிவிட்டதோ என்று மறுபடி பயம் வரும். தண்ணீர் குடியுங்கள், இறங்குகிற இடத்திலெல்லாம் கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

இன்னும் ஒன்று. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உங்கள் நோயும் பட்டியலில் இருக்கிறது. நடையிலோ பார்வையிலோ குறை தங்கினால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பண்டிகை நாட்களில் அரசு மருத்துவமனை ஓ.பி. பெரும்பாலும் இருக்காது, ஊசி தீர்ந்து போனால் அலைய வேண்டியிருக்கும். ஜனவரி முதல் வாரத்திலேயே இரண்டு வாரத்துக்கான ஊசி கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.