மூலிகைக் கேப்சூலில் சுகர் மளமளவென்று இறங்கினால்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 64 வயது, பல வருடமாக இனிப்பு நீர். அரசாங்க கிளினிக்கில் சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட் இரண்டும், ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரிலும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா மூலமாக ஒரு கேப்சூல் வீட்டுக்கு வந்திருக்கிறது. டப்பா 120 வெள்ளி. பாகற்காய், நிலவேம்பு, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை எல்லாம் சேர்ந்ததாம், மூட்டு வலிக்கும் கேட்குமாம். மூன்று வாரத்தில் வெறும் வயிற்றுச் சுகர் (மில்லிமோல் கணக்கில்) 13-லிருந்து 5-க்கு வந்துவிட்டது. சாயங்காலத்தில் மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. விற்றவரைக் கேட்டால், "உடம்பிலிருக்கும் விஷம் வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்கிறார். கிட்னியைக் கெடுக்கும் என்ற பயத்தில் அம்மா மெட்ஃபார்மினை ஏற்கனவே நிறுத்திவிட்டார். மற்ற மாத்திரைகளையும் நிறுத்திவிடலாமா, வீட்டில் கொதிக்க வைத்துக் குடிக்கும் பூனை மீசைத் தண்ணீரைத் தொடரலாமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேர்வையும் நடுக்கமும் விஷம் வெளியேறுவதால் வருவதல்ல. சுகர் அளவுக்கு மீறி இறங்குவதன் அடையாளம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நடுங்கும்போது உடனே விரலைக் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள், ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். அந்த வேளைக் கிளிக்லசைட்டை மட்டும் கொடுக்க வேண்டாம். கூப்பிட்டால் பதில் இல்லை, மயக்கமாகக் கிடக்கிறார் என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள். சீனித் தண்ணீரில் சரியாகிவிட்டாலும் அதோடு விடக் கூடாது. கிளிக்லசைட் வகை மருந்தால் இறங்கும் சுகர், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கலாம். அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காமல், இதைப் படித்த அன்றே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மற்றபடி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டியது கேப்சூலை. அதை எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்? பாகற்காய் சுகரைக் கொஞ்சம் அசைக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாகற்காயை வைத்து நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு, சுகருக்கு இதைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்றுதான் சொன்னது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பதுபோல இருக்கும். அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுகிறது. அருமையான இலைதான். நாக்கில் இனிப்பு மறைவது வேறு, ரத்தத்தில் சீனி குறைவது வேறு. எந்த இலையும் கொட்டையும் மூன்றே வாரத்தில் 13-ஐ 5 ஆக்குவதை நான் பார்த்ததில்லை. அந்த வேகம் மாத்திரையின் வேகம். மூலிகை என்று விற்கும் ஒன்று மாத்திரை மாதிரி வேலை செய்தால், அதற்குள் மாத்திரைதான் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இது கற்பனை இல்லை. 2008-இல், நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் ஐந்து மாதத்துக்குள் 150 பேர் சுகர் பயங்கரமாக இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலோருக்கு இனிப்பு நீரே கிடையாது. விசாரித்தால், கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். அந்தக் கிளிபென்கிளமைடும் உங்கள் அம்மாவின் கிளிக்லசைடும் ஒரே குடும்பம், கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் வகை. அம்மாவின் கேப்சூலில் அது இருந்தால், ஒரே மருந்தை இரண்டு கையாலும் சாப்பிட்ட மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று என்னால் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, டப்பாவைப் பிரித்துத் தூளை முகர்ந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நிறுத்தும் விஷயம். மூட்டு வலிக்கும் கேட்கும் என்றார்கள் இல்லையா? வலி மருந்து என்று விற்கும் ஜாமு என்ற மலாய் நாட்டு மருந்திலும் கேப்சூலிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது இங்கே பழைய வித்தை. முட்டி வலி மூன்றாம் நாளே பறந்துபோகும், பசி எடுக்கும், போகப் போக முகம் உப்பும். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும் என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கலந்திருந்தால் சுகர் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. வாரக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி, அசதி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அம்மாவுக்கு முட்டி வலியும் மாயமாகப் போயிருந்தால், இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவர்களுடைய கண்காணிப்பில் நிறுத்துங்கள். அங்கே "ஸ்டீராய்டு இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ஆங்கிலத்தில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்தும், அப்புறம் எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்து என்றால் கடைசி எழுத்து டி (T). சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான மருந்துக்குத்தான் அந்த எண் கிடைக்கும். எண் இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம், அந்த அமைப்பின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வேறு யாருடைய இருமல் மருந்து எண்ணையோ அச்சடித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரும் டப்பாவும் அங்கே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டி என்ற எழுத்துக்கு, பாதுகாப்பும் தரமும் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். சுகரைக் குணப்படுத்தும் என்று யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

"கேகேஎம் லூலுஸ்", அதாவது சுகாதார அமைச்சு அங்கீகரித்தது என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே என்பீர்கள். அது அவர்களுடைய பிடித்தமான பொய். ஜூஸ் என்றோ, கோப்பித் தூள் என்றோ, உணவுப் பொருள் என்ற பெயரில் விற்று, மருந்துப் பதிவிலிருந்து தப்பித்துக்கொண்டு, வாயால் மட்டும் மருந்தாக விற்கிறார்கள். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், ரத்தக் கொதிப்பு உள்பட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. "சுகர் பறந்துபோச்சு" என்று வாட்ஸ்அப்பில் காணொளி வந்தால், அந்த விற்பனையே குற்றத்தின் வாசலில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆட்கள் ஒரு பெயர் அடிபட்டால் அடுத்த மாதம் வேறு பெயர், வேறு நிற டப்பா என்று வருவார்கள். அதே சங்கிலி, அதே கமிஷன், அதே காணொளி.

சரி, அப்படியென்றால் வைத்தியர் அரைத்துக் கொடுக்கும் சூரணத்துக்கும் எண் வேண்டுமா? வேண்டாம். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏமாற்றுக்காரர்கள் நுழைவதே இந்தக் கதவு வழியாகத்தான். சித்த வைத்தியரோ ஆயுர்வேத வைத்தியரோ சீன மருத்துவரோ, உங்களை உட்கார வைத்துக் கேட்டு, நாடி பார்த்து, உங்களுக்கென்று அப்போது தயாரித்துக் கையில் கொடுத்தால், அதற்குப் பதிவு விலக்கு உண்டு. மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ நாட்டு மருந்துக் கடையில் நீங்கள் எடை போட்டு வாங்கும் காய்ந்த நிலவேம்புக்கும் எண் இருக்காது, அது வெறும் சரக்கு. ஆனால் அதே வைத்தியர் அதே சூரணத்தை மொத்தமாகக் கேப்சூலில் அடைத்து, லேபிள் ஒட்டி, உங்களைப் பார்க்காமலேயே உங்கள் பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்து அனுப்பினால், விலக்கு அங்கேயே செத்துப்போய்விட்டது. அது பதிவு செய்ய வேண்டிய மருந்து. "எங்கள் வைத்தியர் பரம்பரை வைத்தியர், அவருக்கு எண் தேவையில்லை" என்று ஏஜென்ட் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வைத்தியர் என் அம்மாவைப் பார்த்தாரா? 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் வைத்தியர்களுக்கும் பதிவு இருக்கிறது. அதையும் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார், சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். கலப்படம் கண்டுபிடித்த பொருள்களின் பெயரை அதிகாரிகள் வெளியிடத்தான் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும், இணையத்தில் ஒரு மூலையில். கேப்சூல் மட்டும் தமிழில், குரல் பதிவாக, அம்மாவின் கைப்பேசிக்கே வந்து சேருகிறது. கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், "ஜாமு சாப்பிடுறீங்களா?" என்று ஒரு கேள்வி. திட்டுவார்களோ என்று அம்மா "இல்லை" என்பார். அத்தோடு அது மூடப்படும். அந்தக் கேள்வியை இன்னும் ஒரு நிமிடம் பொறுமையாக, நம் மொழியில், திட்டாமல் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

மெட்ஃபார்மின் பயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த மாத்திரையின் பூர்வீகமும் ஒரு மூலிகைதான். கலேகா என்று ஊதாப் பூப் பூக்கும் ஒரு செடி, ஐரோப்பாவில் நெடுங்காலம் நாட்டு மருந்தாக இருந்தது. அதிலிருந்த கலெகின் என்ற பொருள் சுகரை இறக்கியது, ஆனால் விஷத்தன்மை அதிகம். அதன் உறவுக்காரப் பொருளான மெட்ஃபார்மினை 1922-இல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார். மூலிகையிலிருந்து விஷத்தை விலக்கி, அளவு குறித்துக் கையில் கொடுத்திருப்பதுதான் அந்த வெள்ளை மாத்திரை. அது கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கனவே தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள், ரொம்பத் தளர்ந்திருந்தால் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் டயாலிசிஸ் நாற்காலிக்கு ஆள் அனுப்பும் முதல் காரணம், கட்டுப்படாத சுகர்.

நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்க வைக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஜமைக்காவிலும் அந்தச் செடியைச் சுகருக்குத்தான் கஷாயமாகக் குடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு, கனடாவில் நோபல், பீர் என்ற இருவர் 1950-களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுகர் அசையவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அதில் பிறந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. மகத்தான செடி, ஆனால் தினமும் காலையில் குடிக்க வேண்டியது அல்ல. அதேபோல, இங்கே துஞ்சுக் லாங்கிட் என்று விற்கும் மகோகனி விதையைச் சுகருக்கு மென்று, கல்லீரல் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

நிலவேம்பு, மலாய்க்காரர்களுக்கு ஹெம்பெடு பூமி, சீனர்களுக்குச் சுவான் சின் லியன். மூன்று வீட்டிலும் காய்ச்சலுக்குக் கொடுக்கிறார்கள், மூன்று வீட்டுப் பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிறார்கள். காய்ச்சலுக்கு நாலைந்து நாள் குடித்துவிட்டு நிறுத்துவதற்குத்தான் அது. மாதக்கணக்கில், சுகர் மாத்திரையோடும் ரத்தக் கொதிப்பு மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பூனை மீசை, அதாவது மிசாய் குச்சிங், சிறுநீரைப் பிரிக்கும், உண்மை. ஆனால் அந்த இலையில் பொட்டாசியம் அதிகம். அம்மா சாப்பிடும் பெரிண்டோபிரில் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். கிட்னியும் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள். முடிவு நன்றாக இருந்தால், எப்போதாவது ஒரு டம்ளர் குடிக்கலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பாகற்காய்ப் பொரியல், ஊறவைத்த வெந்தயம், சாம்பாரில் முருங்கைக்காய் எல்லாம் சாப்பாடு. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது கேப்சூல் டப்பா, மீதி கேப்சூல், மூன்று வாரச் சுகர் குறிப்பு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைப் பட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். உள்ளே போனதும் பையை மேசையில் வையுங்கள். பொட்டாசியம், கிட்னி, கல்லீரல் மூன்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எச்பிஏ1சி-யும் பார்க்கச் சொல்லுங்கள், அது மூன்று மாதச் சுகரின் சராசரி என்பதால் மூன்று வார வித்தை அதில் முழுசாக ஒளிய முடியாது. மருந்தகக் கவுன்டரில் பக்கவிளைவுப் புகார் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். பயனீட்டாளர்களே நிரப்பலாம், கேப்சூலின் பெயரும் வாங்கிய இடமும் அதில் போகும்.

பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சாப்பிடுகிறார் என்றால் அவரையும் அதே காரில் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைத் திட்டாதீர்கள், அவருக்கும் யாரோ தைரியமாகச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள்.