சயாமுக்குப் போகும் கப்பல்

அன்புள்ள ஐயா,

நான் ஈப்போவில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அறுபத்தைந்து வயது நிறைவதையொட்டி என் மகன் எனக்கு ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்யப் பார்க்கிறான். இரண்டாம் உலகப் போர் வரலாற்றுக்காகவே நடத்தப்படும் பயணமாம். பினாங்கில் ஏறி போர்ட் கிள்ளான், சிங்கப்பூர், அப்புறம் தாய்லாந்து, அந்தக் காலத்துச் சயாம். தினமும் வரலாற்றுப் பேராசிரியர்களின் உரை, துறைமுகத்தில் இறங்கினால் அவர்களே கூட வந்து விளக்குவார்கள். கடைசி நிறுத்தம் காஞ்சனபுரி, போரின்போது ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட மரண ரயில் பாதை.

என் தாத்தா, அப்பாவின் அப்பா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. 1943-ல் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இறந்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படையல் போடுவோம். அப்பாவும் இப்போது இல்லை.

மகன் கப்பலின் படங்களைக் காட்டினான். பளிங்குப் படிக்கட்டு, பால்கனி வைத்த அறை, எந்த நேரம் போனாலும் சாப்பாடு. கஞ்சிக்கு வழியில்லாமல் தாத்தா செத்த இடத்தை இப்படியா போய்ப் பார்ப்பது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பேச வருகிற மூன்று பேருமே வெள்ளைக்காரர்கள். அவர்கள் நம் ஆட்களைப் பற்றி வாயைத் திறப்பார்களா? போகலாமா, வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, ஈப்போ


அன்புள்ள டீச்சர்,

போய் வாருங்கள். உங்கள் மகனிடம் இன்றைக்கே சரி என்று சொல்லிவிடுங்கள்.

பளிங்குப் படிக்கட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்தது. ஆனால் ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள் ஏசி பெட்டியில் போய், லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, விடிகாலையில் அக்னி தீர்த்தத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் வசதியாக வந்தார்கள் என்பதற்காகப் பிண்டம் சேராமல் போகிறதா? உங்கள் தாத்தாவின் மகன் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, உங்களைப் படிக்கவைத்து, உங்கள் பிள்ளை உங்களுக்கு இப்படி ஒரு பயணம் வாங்கித் தரும் இடத்துக்கு வந்திருக்கிறது அந்தக் குடும்பம். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பால்கனியில் உட்கார்ந்து காபி குடியுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது.

இந்த மாதிரிப் பயணங்கள் உலகம் முழுக்க நடக்கின்றன. நார்மண்டிக் கடற்கரை, கலிப்போலி, பசிபிக் தீவுகள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் தேசிய இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகமே வரலாற்றாசிரியர்களைக் கூட அனுப்பி இப்படிப் பயணங்கள் நடத்துகிறது. முந்தின நாள் மாலை வரைபடத்தை விரித்து ஒருவர் பேசுவார், மறுநாள் காலை அதே இடத்தில் நம் கால் நிற்கும். கேட்டதும் பார்த்ததும் அடுத்தடுத்த நாளில் சேரும்போது மனதில் தங்குவது வேறு மாதிரி. அதிலும் மலாயாப் போர் கடலில் வந்த போர். ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் கரையேறியது 1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்து. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்கும் ஒரு மணி நேரம் முன்பு. அங்கிருந்து 70 நாளில் சிங்கப்பூர் விழுந்தது. அந்தக் கரையைக் கடலில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு நீளம், எவ்வளவு திறந்து கிடந்தது என்று ஒரே பார்வையில் புரியும்.

நீங்கள் ஏறும் பினாங்கிலேயே தொடங்கலாம். சுவெட்டன்ஹாம் துறைமேடையில் இருந்து கார்ன்வாலிஸ் கோட்டை நடக்கும் தூரம். 1941 டிசம்பர் 11-ல் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டார்கள். சில நாள் கழித்து இரவோடு இரவாக வெள்ளைக்காரக் குடும்பங்களும் படையும் தீவைக் காலி செய்து போய்விட்டன. ஊர்மக்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது, குண்டும் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைக்காரர். இறக்கியதோடு நிற்காமல் பினாங்கு வானொலியில் இங்கே பிரிட்டிஷார் யாரும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று அறிவிக்கவும் செய்தார். உங்கள் கப்பலின் முதல் உரையில் இந்தப் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பேச்சாளர் நன்றாகப் படித்தவர் என்று அர்த்தம். வராவிட்டால் நீங்கள் எழுந்து சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திருப்பவே முடியவில்லை என்ற பழைய கதையை யாராவது சொல்லக்கூடும். பல பீரங்கிகள் திரும்பின, சுட்டன. ஆனால் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை. காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கிராஞ்சி நினைவிடத்துக்குக் கட்டாயம் போங்கள். கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்தியப் படைப்பிரிவுகளின் பகுதியில் நிதானமாக நடந்தால் நம் பக்கத்துப் பெயர்களும் கண்ணில் படும். அங்கிருந்து கப்பல் வடக்கே திரும்பி குவாந்தான் கடலைத் தாண்டும்போது ஒரு நிமிடம் மேல்தளத்துக்கு வாருங்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் 1941 டிசம்பர் 10-ல் அங்கேதான் மூழ்கின. 840 பேர்.

சரி, காஞ்சனபுரிக்கு வருகிறேன்.

நான் ஒருமுறை போயிருக்கிறேன். பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் இருந்து காலை ரயிலில். காஞ்சனபுரி நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம். 6,900-க்கும் மேற்பட்ட கல்லறைகள். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். சீராக வெட்டிய புல், கல்லுக்குக் கல் பூச்செடி, ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. 23. 26. 21. வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். அவர்களுக்காகவும் அழுகை வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் கண் தேடியது வேறு பெயர்களை. முனியாண்டி, பெருமாள், வீராயி. அப்படி ஒன்றும் அங்கே இல்லை.

மரண ரயில் என்பது 415 கிலோமீட்டர் பாதை. தாய்லாந்தின் பான் போங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்கு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயாத் தோட்டங்களில் இருந்து போன தமிழர். மலாயாவில் இருந்து மட்டும் 70,000-க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தது 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ராணுவக் கைதிகளின் சாவு ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது. நம் ஆட்களுடையது மதிப்பீடாகவே நின்றுவிட்டது.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கைதிகள் ராணுவத்தினர். அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு 1945 செப்டம்பரில் ஒரு குழு அந்தப் பட்டியல்களோடு பாதை நெடுக நடந்து 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளையும் கண்டுபிடித்தது. உங்கள் தாத்தாவின் பெயர் தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கரின், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் இருந்திருக்கும். லாரியில் ஏறிய பிறகு அவர் பெயரை எழுத யாரும் இல்லை. முதலில் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் ஏறவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. குழியில் மொத்தமாகப் போட்டார்கள், இல்லை எரித்தார்கள். 1990-ல் காஞ்சனபுரியை ஒட்டி ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. தொழிலாளர்களுடையவை என்றே நம்பப்படுகிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் வெள்ளைக்காரப் பேச்சாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களை முன்கூட்டியே தள்ளிவிடாதீர்கள். தமிழர் முகாம்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு நல்ல பகுதி கைதிகளாக இருந்த வெள்ளைக்கார டாக்டர்கள் எழுதி வைத்தது. 1943-ல் சிங்கப்பூரின் சாங்கி சிறைமுகாமில் இருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் அனுப்பினார்கள். கே ஃபோர்ஸில் சுமார் 30 டாக்டர்கள், 200 உதவியாளர்கள். அவர்கள் அனுப்பப்பட்டது சக கைதிகளுக்கு வைத்தியம் பார்க்க இல்லை, ஆசியத் தொழிலாளர்களின் முகாம்களுக்கு. கையில் மருந்து கிடையாது. அங்கே அவர்கள் பார்த்தது சாட்சியமாக நிற்கிறது. ஆகவே உரை முடிந்து கேள்விக்கு நேரம் விடும்போது நீங்கள் மைக்கை வாங்கி, கே ஃபோர்ஸைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உண்மையான ஆய்வாளர் என்றால் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் பேசுவார். கூடவே, என் தாத்தா அங்கே போனவர் என்றும் சொல்லுங்கள். அந்த அரங்கில் கைதிகளின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். தங்கள் அப்பா பக்கத்து முகாமில் யாரைப் பார்த்தார் என்று அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல முடியும்.

பயணத் திட்டத்தை மட்டும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். கப்பல் நிற்பது பெரும்பாலும் லெம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து காஞ்சனபுரி சுமார் 250 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வருவதென்றால் பேருந்திலேயே நாள் கழிந்துவிடும். குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரு போட்டோ, கல்லறைத் தோட்டத்தில் இருபது நிமிடம், அவ்வளவுதான். ஓர் இரவு அங்கே தங்குகிற ஏற்பாடு இருக்கிறதா என்று உங்கள் மகன் கேட்கட்டும். இல்லையென்றால் காசு கொஞ்சம் கூட ஆனாலும் தனியாகத் தங்க முடியுமா என்று பார்க்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பாலத்தைப் பற்றி வழிகாட்டிகள் நிறையப் பேசுவார்கள். அந்தப் பாலத்தை உலகப் புகழாக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஹாலிவுட் படம் எடுக்கப்பட்டது தாய்லாந்தில்கூட இல்லை, இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் தேடியதால் 1960-களில் இங்கே ஆற்றின் பெயரையே படத்துக்குப் பொருந்தும்படி மாற்றினார்கள். அதில் அதிக நேரம் போக வேண்டாம். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி 1944-ல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. வேலையில் செத்தவர்களுக்காக என்று பல மொழிகளில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தமிழிலும். அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கோபமும் வந்தது, நம் எழுத்தைப் பார்த்த படபடப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நீங்கள் முக்கியமாகப் போக வேண்டியது வாட் தாவோர்ன் கோயிலுக்கு. போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். கண்டெடுத்த தொழிலாளர் எலும்புகளை அங்கே சேர்த்திருக்கிறார்கள். தமிழ் அமைப்புகளின் முயற்சியில் 2023-ல் அங்கே ஒரு நடுகல்லும் நட்டார்கள். ஆடி அமாவாசைக்கு என்னவெல்லாம் படைப்பீர்களோ அதில் கையில் எடுத்துப்போக முடிந்ததை எடுத்துக்கொண்டு போங்கள். கப்பலில் ஊதுபத்தி, சூடம் கொளுத்த விடமாட்டார்கள், தீ என்றாலே அவர்களுக்குப் பயம். பெட்டியிலும் வைக்காதீர்கள். காஞ்சனபுரிக் கடைத்தெருவிலேயே பூவும் ஊதுபத்தியும் கிடைக்கும். தாத்தாவின் முழுப் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அங்கே உரக்க ஒருமுறை படியுங்கள்.

மறுநாள் நேரம் இருந்தால் நாம்டோக் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். உங்கள் தாத்தா காலத்துப் பாதையில் இன்றைக்கும் ஓடுகிற பகுதி அதுதான். மரப்பெஞ்சு, திறந்த ஜன்னல், இரண்டு மணி நேரம். வழியில் வம்போ என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரச் சட்டங்களின் மேல் ரயில் ஊர்ந்து போகும். போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான் வரும். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.