ஒரே மாடல் கணினிதான், அப்டேட் மட்டும் ஏன் ஒன்றுக்கு முன்னால், ஒன்றுக்குப் பின்னால்?

"ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் லேப்டாப் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னொன்றில் எத்தனை முறை 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தினாலும் 'யூ ஆர் அப் டு டேட்' என்றே சொல்கிறது. கணினியில் கோளாறா? நானே இறக்கிப் போட்டுவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அநேகமாகக் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் கணினியின் முறை வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் செய்தி சொல்வதெல்லாம், இந்தக் கணினிக்கு என்று மைக்ரோசாஃப்டின் சர்வர் இப்போது எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை என்பதை மட்டுமே. புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கும் எண்ணம் மைக்ரோசாஃப்டுக்கு ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

ஏன் என்று கேட்டால், கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பத்தாயிரம் கணினிகளில் ஒன்றை மட்டும் தாக்கும் பிழை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் கணினிகளை வரிசையாக வைத்துச் சோதித்தாலும் அது கண்ணில் படாமல் போகவே வாய்ப்பு அதிகம். அதே அப்டேட் 10 கோடிக் கணினிகளுக்குப் போனால் 10,000 பேருக்கு அடி விழும். இது கற்பனை இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது. அப்டேட் போட்டவர்களில் புகார் வந்த அளவு 0.01 சதவீதம் என்றது மைக்ரோசாஃப்ட். விநியோகத்தை உடனே நிறுத்தி, பிழையைத் திருத்தி, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். முதல் நாளே எல்லாருக்கும் போயிருந்தால் நிறுத்துவதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?

அதனால்தான் முதலில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, கணினிகள் திரும்ப அனுப்பும் பிழை அறிக்கைகளைப் பார்த்து, பிறகு வட்டத்தை விரிக்கிறார்கள். சிக்கல் வரும் என்று தெரிந்த டிரைவரோ (ஒலி, திரை போன்ற பாகங்களை இயக்கும் நிரல்) மென்பொருளோ இருக்கும் கணினிகளுக்குத் தனித்தடை உண்டு. 'சேஃப்கார்ட் ஹோல்ட்' என்று அதற்குப் பெயர். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வந்தபோது சில ஒலி டிரைவர்கள் இருந்த கணினிகளுக்கு இப்படித் தடை இருந்தது. உங்கள் இரண்டு லேப்டாப்பும் வெளியே ஒரே மாடலாக இருக்கலாம். உள்ளே டிரைவரின் பதிப்பும், நீங்கள் போட்ட மென்பொருள்களும் வேறுபட்டால் போதும், வரிசை மாறிவிடும்.

இந்த வரிசை எப்படிப் போடப்படுகிறது என்பதை வெளிப்படையாகப் பார்க்க வேண்டுமென்றால் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பார்க்கலாம். அங்கே கணினியின் அடையாள எண்ணோடு மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்த விடைதான் வரிசையில் கணினியின் இடம். முதலில் 10 சதவீதம் கணினிகள், சிக்கல் இல்லையென்றால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொரு 10 சதவீதம் என்று கதவு திறக்கும். பதிப்பும் கணக்கில் சேர்வதால் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. இந்த முறை கடைசியில் நின்ற கணினி அடுத்த முறை முதலில் நிற்கலாம்.

இப்படிப் படிப்படியாகப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான ஒரு சிறிய கோப்பை எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பியது. ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெற்றும் பயனில்லை, அதற்குள் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இயங்க முடியாமல் நீலத்திரையில் நின்றுவிட்டன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தாமதமாவது எது என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு என்றால் கவலையே வேண்டாம், காத்திருங்கள். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் என்றால் கதை வேறு. அதை இப்படி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை, இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியானால் சில நாட்களுக்குள் வந்துவிட வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'அப்டேட் ஹிஸ்டரி'யைத் திறந்து, 'குவாலிட்டி அப்டேட்ஸ்' பகுதியில் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். இரண்டு லேப்டாப்பின் பில்ட் எண்களை (விண்டோஸ் பதிப்பின் உள் எண்) ஒப்பிட வேண்டாம். பதிப்பே வேறு என்பதால் எண்களும் வேறாகத்தான் இருக்கும்.

அந்தத் தேதி இரண்டு மாதம் பழையதாக இருந்தால் கோளாறு இங்கே இருக்கிறது. யாராவது அப்டேட்டை நிறுத்தி வைக்கும் 'பாஸ்' (Pause) பட்டனை அழுத்தி மறந்திருக்கலாம், டிஸ்கில் இடம் இல்லாமல் இருக்கலாம், இணைய இணைப்பு 'மீட்டர்டு', அதாவது டேட்டா அளவு வரம்புள்ளது என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அடிக்கடி திறக்காத லேப்டாப்பிலும் இது சகஜம். அப்டேட் வெளியானபின் மொத்தம் 6 மணி நேரமாவது, அதில் 2 மணி நேரம் விடாமல், கணினி இணையத்தில் இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். மின்னஞ்சல் பார்க்கப் பத்து நிமிடம் திறந்து மூடினால் எப்படி வரும்?

புதிய பதிப்பை நீங்களே இறக்கிப் போடுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் விண்டோஸை நேரடியாக இறக்கிப் போட மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் வழியாகப் போட்டால் அந்தத் தனித்தடையையும் தாண்டிப் போய்விடுவீர்கள், காரணம் தெரியாமலேயே. அவசரம் என்றால் 'கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ்' என்ற பட்டனை இயக்கிவிட்டு விடுங்கள். வரிசையில் கொஞ்சம் முன்னால் போகலாம், தடை இருந்தால் அது அப்படியே நிற்கும். ஹோம், ப்ரோ வகைகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. அந்தக் கெடு முடியாதவரை பழைய பதிப்பில் இருக்கும் லேப்டாப்பை நிம்மதியாகப் பயன்படுத்தலாம்.