மூன்று வயதுக் குழந்தைக்குப் பணிவாகக் கேட்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: மூன்று வயது மகன் எது வேண்டுமானாலும் ‘குடு’, ‘எடு’ என்று அதட்டியே கேட்கிறான். ‘ப்ளீஸ்’ சொல்லப் பழக்கினார்கள். இப்போது ‘ப்ளீஸ் குடூ’ என்று அதையும் சேர்த்துக் கத்துகிறான்.

படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. மகளுக்கு இப்போது ஏழு வயது, மகனுக்கு நான்கு. மகளிடம் செய்த தப்புகளை மகனிடம் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பதில் எழுத எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

முதல் தப்பு, பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தியது. மகள் பந்தைக் கேட்பாள். நான் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு “எப்படிக் கேக்கணும்?” என்பேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், கண்ணைப் பந்தின் மேலேயே வைத்துக்கொண்டு “ப்ளீஸ்” என்பாள். பந்து கைக்குப் போகும். சில மாதத்தில் அவளுக்கு அது பூட்டைத் திறக்கும் சாவி மாதிரி ஆகிவிட்டது. சாவி போட்டும் பூட்டு திறக்காவிட்டால் கோபம் வரத்தானே செய்யும்? “நான்தான் ப்ளீஸ் சொல்லிட்டேன்ல!” என்று தரையில் உருண்டாள். உங்கள் மகன் ப்ளீஸைக் கத்துவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவன் சாவியை அழுத்தித் திருப்பிப் பார்க்கிறான்.

இரண்டாவது தப்பு, எனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து மகள் “அப்பா!” என்று அலறினாள். “எதுக்கு இப்படிக் கத்துற? மெதுவா கேக்க மாட்டியா?” என்று நானும் கத்தினேன். அங்கே இருந்த மனைவி நிதானமாகச் சொன்னார்: “நாலு தடவை மெதுவாத்தான் கூப்பிட்டா. உங்களுக்கு அஞ்சாவதுதான் காதுல விழுந்துச்சு.” அன்றிலிருந்து சில நாள் என்னையே கவனித்தேன். மெதுவாகக் கேட்டால் “ம்ம்”. அழுதுகொண்டு கேட்டால் “இரு, வர்றேன்”. கத்தினால் உடனே எழுந்து போகிறேன். இதைவிடத் தெளிவாகக் கத்தக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஆகவே, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ‘ப்ளீஸ்’ கிடக்கட்டும், முதலில் அவன் மெதுவாகக் கேட்கும் அந்த முதல் தடவைக்குப் பதில் சொல்லுங்கள். பொருளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. “கேட்டுச்சுடா, இதைத் துடைச்சிட்டு வந்து எடுத்துத் தர்றேன்” என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போனால் போதும். போகாமல் விட்டால் மறுபடி அலறல்தான்.

கத்தலுக்கு இனி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால், முதல் சில நாள் கத்தல் கூடும். இதுவரை வேலை செய்தது திடீரென்று செய்யவில்லையென்றால் யாரும் இன்னும் பலமாகத்தான் முயன்று பார்ப்பார்கள். அந்த நாட்களில் ஒன்பது தடவை மறுத்துப் பத்தாவது தடவை கொடுத்துவிடுவதுதான் மோசம். எப்போதாவது ஒரு தடவை பலிக்கும் பழக்கம், எப்போதும் பலிக்கும் பழக்கத்தைவிட விடுவதற்குக் கஷ்டம். நடத்தை உளவியலில் இது பழைய பாடம்.

சரி, எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பது? இங்கேதான் நாம் ‘ப்ளீஸ்’ என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொள்கிறோம். ‘தயவுசெய்து’ அறிவிப்புப் பலகையில் இருக்கும் சொல், வீட்டில் யார் பேசுகிறார்கள்? தமிழில் பணிவு வினையின் வாலில் இருக்கிறது. குடு, குடுங்க, குடுக்கிறீங்களா, எடுத்துத் தர முடியுமா என்று படிப்படியாக இறங்கி வருகிறது. வீட்டில் ‘நீ’ என்று பேசும் பிள்ளையாக இருந்தாலும் குறையில்லை. “எடுத்துத் தர்றியாம்மா?” என்பதில் இருக்கும் பணிவு “எடுங்க!” என்ற அதட்டலில் இல்லை.

தொல்காப்பியத்தில், சொல்லதிகாரத்தில், கேட்பதற்கென்றே மூன்று சொல்லைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’, சமமானவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் ‘கொடு’. அந்தக் கணக்குப்படி மூன்று வயதுக்காரர்கள் எல்லாரும் நமக்கு எசமானர்கள்.

நடைமுறையில் ‘ப்ளீஸ்’ செய்யும் வேலையை நமக்கு ‘கொஞ்சம்’ செய்கிறது. “கொஞ்சம் தண்ணி எடுத்துத் தர்றீங்களா?” என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் அப்படியே கேட்டான். மூன்றாம் நாள் வெயிலில் விளையாடிவிட்டு வந்து நின்று, “கொஞ்சம் வேணாம். நிறைய தண்ணி எடுத்துத் தர்றீங்களா?” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிய டம்ளரில் கொடுத்தேன். சொல் தப்பாக இருந்தாலும் கேட்ட விதம் சரியாக இருந்ததே!

சொல்லிக்கொடுக்கும் முறையையும் மாற்றினேன். “குடு!” என்று வந்தால், பிடுங்கி வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. பொருளை நீட்டிக்கொண்டே, அவன் சொல்லியிருக்க வேண்டியதை அவன் குரலில் நான் சொல்லிவிடுவேன்: “அப்பா, அந்தப் பென்சிலை எடுத்துத் தர்றியா? இந்தாடா, தந்துட்டேன்.” பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு நாளில் இருபது தடவை இது காதில் விழுந்தால், சில வாரத்தில் தானாகவே அவன் வாயில் வருகிறது. அலறலாக வந்தால் மட்டும், கிட்டே போய்க் குனிந்து, “மெதுவா ஒரு தடவை சொல்லு, கேக்கிறேன்” என்பேன். எட்ட இருந்துகொண்டு சொன்னால் இது பலிக்காது. ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தையென்றால் கையை நீட்டிக் காட்டுவதே கேட்பதுதான். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், நல்லபடியாகக் கேட்டும் ‘கிடையாது’ என்று சொல்ல வேண்டி வரும். கத்தரிக்கோலை எவ்வளவு அழகாகக் கேட்டாலும் தர முடியுமா? “நல்லா கேட்ட. ஆனா இது கிடையாது” என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். அழுவான், அழட்டும். நாமும் கேள்வி மாதிரிக் கட்டளையிடுவதை நிறுத்த வேண்டும். “பொம்மையெல்லாம் எடுத்து வைக்கிறியா?” என்று கேட்டுவிட்டு, “மாட்டேன்” என்றதும் முறைத்தால் குழந்தை என்ன புரிந்துகொள்ளும்? செய்தே ஆக வேண்டியதை “எடுத்து வைப்போம் வா” என்று நேராகச் சொல்லிவிடலாம்.

நாலு பேர் முன்னால் “தேங்க்ஸ் சொல்லு, சொல்லு” என்று குழந்தையின் தோளைத் தட்டுகிறோமே, அதைப் பற்றி 1980-ல் எஸ்தர் கிரைஃப், ஜீன் பெர்கோ கிளீசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 22 குழந்தைகளை அப்பாவுடனும் அம்மாவுடனும் தனித்தனியே வரவழைத்து, ஒரு பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமல் தானாக நன்றி சொன்ன குழந்தைகள் மிகக் குறைவு. பெற்றோர்தான் சொல்லச் சொல்லித் தூண்டினார்கள். அதைப் படித்த பிறகு தோளைத் தட்டுவதை விட்டுவிட்டேன். நானே “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிடுவேன். குழந்தை என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அடிபட்டால், பயந்தால், அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், யாராவது பிடிக்காமல் தொட்டால், கத்தலாம். அப்போது மெதுவாகச் சொல் என்று திருத்தவே கூடாது. இதை என் பிள்ளைகளிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பசியோ தூக்கமோ வந்துவிட்டால் மகன் இன்னும் ‘குடூ’தான். ஆனால் நேற்று நடுராத்திரி காதருகே ரொம்ப மெதுவாக ஒரு குரல் கேட்டது: “அப்பா, கொஞ்சம் தள்ளிப் படுக்கறியா? எனக்கு இடமே இல்ல.” முதல் தடவையிலேயே காதில் விழுந்தது. தள்ளிப் படுத்தேன்.